எத்தனை பேர் வந்தால் கட்டண ஹோஸ்டிங்குக்கு மாற வேண்டும்?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாரம்பரிய நெல் ரகங்களைப் பற்றி மூன்று ஆண்டுகளாக எழுதி வருகிறீர்கள். இலவச ஹோஸ்டிங் நிறுவனம் (தளத்தை இணையத்தில் வைக்க இடம் தரும் நிறுவனம்) கொடுத்த துணை முகவரி ஒன்றில், தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் உங்கள் தளம் 180 கட்டுரைகளுடன் இயங்குகிறது. நாளொன்றுக்கு ஐந்நூறு பேர் அளவில் வருகிறார்கள். மாலை வேளைகளில் சில சமயம் பக்கம் திறக்காமல் பிழைச் செய்தி வருகிறது. விதைநெல் வேண்டுவோர் தங்கள் பெயரையும் முகவரியையும் கைப்பேசி எண்ணையும் தளத்திலுள்ள படிவத்தில் நிரப்பி அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். இந்த நிலையில் எத்தனை பேர் வந்தால் கட்டணச் சேவைக்கு மாற வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி எண்ணிக்கையைப் பற்றியதாக இருந்தாலும், இப்போது பணம் கட்டினால் அது வீண் செலவாகிவிடுமா, கட்டாமல் விட்டால் மூன்றாண்டு உழைப்புக்கு ஏதேனும் ஆபத்து வருமா என்பதே உங்கள் உண்மையான கவலை என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

சிறு பத்திரிகைகள், பள்ளிகள், சிறு வணிகர்கள் ஆகியோரின் இணையத்தளங்களைப் பதினேழு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். இத்தனை பேர் வந்தால் மாறுங்கள் என்று சொல்லத்தக்க எண் எதையும் அந்த அனுபவத்தில் நான் கண்டதில்லை. நாளுக்கு இருபதாயிரம் பேர் வரும் தளம் இலவசச் சேவையில் நிம்மதியாக இருந்ததையும், நாளுக்கு நாற்பது பேர் மட்டும் வரும் தளத்தை உடனே மாற்றியாக வேண்டியிருந்ததையும் பார்த்திருக்கிறேன். தளம் ஒரு நாள் மறைந்துவிட்டால் யாருக்கு என்ன இழப்பு, அந்த இழப்பை உங்களால் திரும்பச் சரிசெய்ய முடியுமா என்பதைக் கொண்டே இதை முடிவு செய்ய வேண்டும். உங்கள் நிலையில், சொந்த டொமைன் ஒன்றை, அதாவது உங்களுக்கே உரிய இணைய முகவரியை, இந்த வாரமே வாங்குங்கள். ஹோஸ்டிங்கை அடுத்த ஆடிப் பட்டத்துக்கு முன்பாக, அவசரமில்லாத ஒரு மாதத்தில் மாற்றுங்கள். அதுவரை அந்தப் படிவத்தை நிறுத்தி வையுங்கள். இவற்றுக்கான காரணங்களைக் கீழே விளக்குகிறேன்.

மாலையில் வரும் பிழைச் செய்தியிலிருந்து தொடங்குவோம். இலவச ஹோஸ்டிங் நிறுவனங்கள் பலவும் வருகையாளர்களை எண்ணுவதில்லை. சர்வரிடம், அதாவது தளம் வைக்கப்பட்டுள்ள கணினியிடம், வரும் கோரிக்கைகளையே எண்ணுகின்றன. அதைத்தான் ஹிட் என்று குறிப்பிடுகிறார்கள். வேர்ட்பிரஸ் பக்கம் ஒன்று திறக்கும்போது படங்கள், எழுத்துரு, வடிவமைப்புக் கோப்புகள், பிளகின்கள் எனும் துணை நிரல்களின் கோப்புகள் எல்லாம் சேர்ந்து அறுபது கோப்புகளை உலாவி கேட்பது சாதாரணம். நாளுக்கு 50,000 ஹிட் என்று வரம்பிடும் சேவையில், பக்கத்துக்கு 60 கோப்பு என்று வைத்தால், 833 பக்கங்கள் திறக்கப்பட்டதும் அன்றைய கணக்கு தீர்ந்துவிடுகிறது. ஐந்நூறு பேர் ஆளுக்கு இரண்டு பக்கம் படித்தால் ஆயிரம் பக்கம். இரண்டாவது பக்கத்தில் சில கோப்புகள் உலாவியின் நினைவிலிருந்தே வந்துவிடும் என்பதால் கணக்கு சற்றுக் குறையும். ஆனால் தேடுபொறிகளின் நிரல்களும் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் நிரல்களும் இரவும் பகலும் வந்து அந்தக் குறையை நிரப்பிவிடும். மாலையில் மட்டும் தளம் தடுமாறுவதற்கு இது பொருத்தமான விளக்கம். ஆயினும் இதை உறுதியான காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அதே சர்வரில் இருக்கும் வேறொருவரின் தளம் மாலையில் சுமையைக் கூட்டுவதாலும் இப்படி நேரலாம். பிழைச் செய்தியில் 508 என்ற எண் இருந்தால் உங்கள் கணக்கின் வள வரம்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். 503 என்றால் காரணம் எங்கும் இருக்கலாம். உங்கள் கணக்கின் பயன்பாட்டு வரைபடத்தைப் பார்க்காமல் அதைத் தீர்மானிக்க முடியாது.

இந்தத் தடுமாற்றத்துக்காக மட்டும் பணம் கட்ட வேண்டாம் என்பேன். கைப்பேசியில் எடுத்த நெற்கதிர்ப் படத்தை அப்படியே ஏற்றினால் அது நான்கு எம்பி இருக்கும். அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வடிவில் சேமித்தால் 150 கேபி அளவுக்கு வந்துவிடும், கதிரின் நிறமும் மணியின் வடிவமும் குறையாமல் தெரியும். பயன்படுத்தாத பிளகின்களை நீக்குங்கள். பக்கங்களைத் தயார் நிலையில் வைத்துக் கொடுக்கும் கேச் பிளகின் ஒன்றை நிறுவுங்கள். இதனால் பாதிச் சுமை குறைந்து தளம் சீரான சந்தர்ப்பங்கள் பல உண்டு. கட்டணச் சேவைக்குப் போனாலும் இந்த வேலையைச் செய்தே ஆக வேண்டும். கனமான தளத்தைப் புதிய சர்வரில் வைத்தால் அங்கும் அது கனமாகவே இருக்கும்.

படிப்பதற்கு மட்டுமே உள்ள தளமாக இருந்திருந்தால், இலவசத்திலேயே இருங்கள் என்றுகூடச் சொல்லியிருப்பேன். இலவச வலைப்பதிவுச் சேவையான பிளாக்கர் 1999 முதல் இயங்குகிறது. 2003இல் கூகிள் அதை வாங்கியது. சொந்த டொமைனை அதில் இணைத்துக்கொள்ளக் கட்டணம் எதுவும் கேட்பதில்லை. மாறாத பக்கங்களை மட்டும் கொண்ட தளம் என்றால் கிட்ஹப் பேஜஸ் போதும். தளத்தின் மொத்த அளவு ஒரு ஜிபி, மாதத்துக்கு 100 ஜிபி பரிமாற்றம் என்பவை அதன் வரம்புகள், பரிமாற்ற வரம்பு கறாரானதும் அன்று. பக்கம் ஒன்றுக்கு 500 கேபி என்று வைத்தால் மாதம் இரண்டு லட்சம் முறை பக்கங்களைத் திறக்க இது இடங்கொடுக்கும். ஆனால் கிட்ஹப் பேஜஸ் இணைய வணிகத்தை நடத்துவதற்கான இடமாகத் தரப்படவில்லை என்று அதன் விதிகளே சொல்கின்றன. வெர்செல் நிறுவனத்தின் இலவசத் திட்டமும் வணிகமல்லாத தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டுமே. விதைநெல்லுக்குப் பணம் வாங்கத் தொடங்கிய நாளில் இத்தகைய இலவசத் திட்டங்களின் விதிகளை நீங்கள் மீறியவராகிவிடக்கூடும். இப்போது இருக்கும் நிறுவனத்தின் விதிகளிலும் இப்படியொரு வரி இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

இலவசச் சேவைகள் மூடப்படுவது அபூர்வமான நிகழ்ச்சியன்று. 1994இல் தொடங்கி ஒரு காலத்தில் இணையத்தின் மிகப் பெரிய குடியிருப்பாக இருந்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபர் 26 அன்று மூடப்பட்டது. ஆர்வலர்கள் ஓடி ஓடிச் சேகரித்ததால் அதில் ஒரு பகுதி மிஞ்சியது. செயலிகளை இணையத்தில் இயக்கித் தரும் ஹெரோக்கு தன் இலவசத் திட்டத்தை 2022 நவம்பரில் நிறுத்திவிட்டது. பல ஆண்டுகள் மாணவர்களுக்கும் புதியவர்களுக்கும் உதவிய 000வெப்ஹோஸ்ட் 2024இல் முடிவுக்கு வந்தது. டாட் டிகே போன்ற முகவரிகளை இலவசமாக வழங்கிய ஃபிரீனம் 2023இல் புதிய பதிவுகளை நிறுத்தி, அடுத்த ஆண்டு அந்தத் தொழிலையே விட்டு விலகியது. பெரும்பாலும் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுத்தான் மூடுகிறார்கள். ஆனால் அந்த அறிவிப்பு எந்த மின்னஞ்சலுக்கு வருகிறது என்பதில் இருக்கிறது சிக்கல். நான் பராமரிக்க ஏற்றுக்கொண்ட ஒரு சிற்றிதழின் பழைய தளம், முப்பது நாள் அறிவிப்புக்குப் பிறகு அழிக்கப்பட்டிருந்தது. இதழிலிருந்து விலகிப் போன ஒருவரின் மின்னஞ்சலுக்கே அறிவிப்பு சென்றிருந்தது. கட்டுரைகளை அச்சுப் பிரதியிலிருந்து மறுபடி தட்டச்சு செய்துகொண்டோம். வாசகர்கள் எழுதிய மறுமொழிகள் போனது போனதுதான்.

ஆகவேதான் டொமைனை முதலில் வாங்கச் சொல்கிறேன். டொமைனும் ஹோஸ்டிங்கும் வெவ்வேறு பொருள்கள். ஒன்று உங்கள் வீட்டு முகவரி, மற்றொன்று குடியிருக்கும் வாடகை வீடு. இலவசத் துணை முகவரியில் மூன்றாண்டுகளாக நீங்கள் சேர்த்த இணைப்புகளும் தேடுபொறியில் கிடைத்த இடமும் வாட்ஸப்பில் பகிரப்பட்ட சுட்டிகளும் அந்த நிறுவனத்தின் பெயரில் சேர்ந்திருக்கின்றன. டாட் இன் முகவரிக்குப் பொதுவாக ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் செலவாகும். இப்போதைய நிறுவனம் சொந்த டொமைனை இணைக்க அனுமதித்தால் இன்றே இணைத்துவிடுங்கள். அதன்பிறகு சர்வரை எத்தனை முறை மாற்றினாலும் வாசகருக்குத் தெரியாது. டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், நீங்களே திறக்கக்கூடிய கணக்கில் இருக்க வேண்டும். தளம் அமைத்துக் கொடுத்த பையன் தன் கணக்கிலேயே வாங்கி வைத்திருந்து, அவன் வேலை மாறிப் போன பின் சொந்தப் பெயரை மீட்க முடியாமல் என்னிடம் வந்தவர்கள் ஒருவர் இருவர் அல்லர். அந்தக் கணக்குக்கு அதே டொமைனில் உள்ள மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள்; டொமைன் காலாவதியானால் மின்னஞ்சலும் நின்றுபோய், எச்சரிக்கைக் கடிதம்கூட வந்து சேராது.

படிவத்தை நிறுத்தி வைக்கச் சொன்னது உங்களுக்கு வருத்தம் தரலாம். என் பார்வையில் முழு விஷயத்திலும் அவசரமானது அதுவே. கட்டுரைகள் தொலைந்தால் இழப்பு உங்களுடையது. உங்களை நம்பி விவசாயி கொடுத்த முகவரியும் கைப்பேசி எண்ணும் வெளியே போனால் இழப்பு அவருடையது, அதை உங்களால் திரும்பப் பெற்றுத்தர முடியாது. மேலே சொன்ன 000வெப்ஹோஸ்டிலிருந்து ஒரு கோடியே முப்பது லட்சம் பேருக்கு மேற்பட்டோரின் விவரங்கள் கசிந்தது 2015இல் வெளியாயிற்று. கடவுச்சொற்கள் மறைகுறியாக்கப்படாமல் அப்படியே சேமிக்கப்பட்டிருந்தன என்பதும் அப்போதுதான் தெரிந்தது. கட்டணச் சேவைகளிலும் தரவு கசிகிறது என்பது உண்மை. ஆயினும் காப்புக்கென ஆள் வைத்துச் செலவழிக்க ஒரு நிறுவனத்துக்கு வருமானம் வேண்டும். பிரச்சினை வந்தால் கேள்வி கேட்க உங்களுக்கும் ஓர் ஒப்பந்தம் வேண்டும். இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 கூட, தரவைத் திரட்டுபவரிடமே பொறுப்பை வைக்கிறது. சேமித்துக் கொடுத்த நிறுவனத்தைக் கைகாட்டி விலகிவிட முடியாது. உங்களைப் போன்ற சிறு விநியோகஸ்தருக்கு அச்சட்டத்தின் எந்தக் கடமைகள் எந்த அளவில் பொருந்தும் என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்பதே முறை. நான் சட்டம் படித்தவன் அல்லன்.

படிவத்தில் இன்னொரு குறையும் மறைந்திருக்கிறது. இலவச சர்வர்கள் பலவற்றிலிருந்து மின்னஞ்சல் அனுப்ப முடியாது; அனுப்ப முடிந்தாலும், ஆயிரக்கணக்கானோர் பகிர்ந்துகொள்ளும் அந்த சர்வரின் முகவரி முன்பே கெட்ட பெயர் வாங்கியிருப்பதால், ஜிமெயில் அதைக் குப்பையில் தள்ளிவிடும். வாங்குபவருக்கு ‘நன்றி, பதிவாயிற்று’ என்று திரையில் தெரியும். உங்களுக்கு எதுவும் வந்திருக்காது. பதில் வராத விவசாயி உங்களைப் பொறுப்பற்றவர் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். சொந்த டொமைன் இருந்தால், எஸ்பிஎஃப், டிகிம் ஆகிய பதிவுகளைச் சேர்த்து, கடிதம் உண்மையில் உங்களிடமிருந்தே வருகிறது என்று காட்டலாம். அதுவரை வாட்ஸப் எண் ஒன்றைத் தளத்தில் கொடுத்து விதைநெல் கேட்புகளைப் பெறுவது மேலானது.

எதை வாங்குவது என்பதில் அதிகம் குழம்ப வேண்டாம். உங்கள் அளவுக்குச் ஒரே சர்வரைப் பலர் பகிர்ந்துகொள்ளும் சாதாரணப் பகிர்வு ஹோஸ்டிங்கின் மிகச் சிறிய திட்டமே போதும். விபிஎஸ் (நீங்களே நிர்வகிக்க வேண்டிய தனி மெய்நிகர் சர்வர்) வாங்குங்கள் என்று யாரேனும் சொன்னால், இயங்குதளத்தைப் புதுப்பிப்பது முதல் ஊடுருவலைத் தடுப்பது வரை எல்லாம் உங்கள் தலையில் வந்து விழும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் மாத விலை, மூன்று நான்கு ஆண்டுப் பணத்தை முன்கூட்டியே மொத்தமாகக் கட்டினால் கிடைப்பது. ரினியூவலின்போது அது இரண்டு மூன்று மடங்காவது வழக்கம். அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. எனவே ரினியூவல் விலையைக் கேட்டு, அதையே உண்மையான விலையாகக் கொண்டு ஒப்பிடுங்கள். முதலில் ஓராண்டுக்கு மட்டும் எடுங்கள். அன்லிமிடெட் என்ற சொல்லை அப்படியே நம்ப வேண்டாம். கோப்புகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும், அதை ஐநோட் என்பார்கள்; வேர்ட்பிரஸ் நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு படத்துக்கும் பல அளவுகளில் பிரதி எடுத்து வைப்பதால், இடம் மிச்சமிருக்கும்போதே ஐநோட் தீர்ந்துபோகும். வாசகருக்கும் தளத்துக்கும் இடையிலான தொடர்பை மறைகுறியாக்க உதவும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 இறுதியிலிருந்து இலவசமாகவே வழங்குகிறது, நல்ல நிறுவனங்கள் அதைத் தாமாகவே புதுப்பித்துக் கொடுக்கின்றன. 99.9 சதவீதம் இயங்கும் என்ற உறுதிமொழிக்கு மாதத்தில் 43 நிமிடம் நிற்கலாம் என்று பொருள்; உங்கள் தளத்துக்கு அது போதும். வாசகர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டில் இருந்தால் மும்பை போன்ற இந்திய நகரத்தில் சர்வர் உள்ள திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பயன்பாட்டுக்கு ஏற்பப் பில் போடும் சேவைகளில் மட்டும் கவனமாக இருங்கள். 2024 பிப்ரவரியில் நெட்லிஃபை நிறுவனத்தில் சிறிய தளம் ஒன்றை வைத்திருந்தவருக்கு, யாரோ திட்டமிட்டுக் கோரிக்கைகளைக் குவித்ததால், ஒரு லட்சம் டாலருக்கு மேல் பில் வந்தது. செய்தி பரவிய பின் நிறுவனம் அதை முழுமையாகத் தள்ளுபடி செய்தது. செலவுக்கு உச்சவரம்பு வைக்க முடியாத எந்தத் திட்டத்தையும் தனிநபர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

பணம் கட்டிவிட்டோம், இனிக் கவலையில்லை என்றும் இருக்க முடியாது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று தீயில் அழிந்தது. பேக்கப்பையும் அதே இடத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தனர். மாதம் ஒரு முறையாவது தரவுத்தளத்தையும் படக் கோப்புறையையும் இறக்கி வீட்டுக் கணினியிலும் வேறொரு இடத்திலும் வையுங்கள்; ஆண்டுக்கு ஒரு முறை அதிலிருந்து தளத்தை உண்மையில் மீட்டெடுத்தும் பாருங்கள். கட்டணம் கட்டுவதிலேயே ஒரு சிக்கல் உண்டு. 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் தானியங்கிக் கட்டண விதிகள் நடைமுறைக்கு வந்த பிறகு, வெளிநாட்டு நிறுவனங்கள் இந்திய அட்டைகளிலிருந்து தாமாகப் பணம் எடுப்பது பல இடங்களில் தோல்வியடைந்தது. அதை அறியாமலே டொமைனைக் காலாவதியாக விட்டவர்கள் இருக்கிறார்கள். டாட் காம் போன்ற முகவரிகள் காலாவதியாகி நீக்கப்பட்ட பின்னும் மீட்க முப்பது நாள் அவகாசம் உண்டு, ஆனால் அதற்கான கட்டணம் ஆண்டுக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு. டொமைனை மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை கையால் கட்டிவிடுவதே நல்லது. ஹோஸ்டிங்கைப் போலன்றி, இதில் நீண்ட காலத்துக்குக் கட்டுவதால் நீங்கள் எங்கும் மாட்டிக்கொள்வதில்லை.

மாற்றும் வேலையைத் தை, மாசியில் வைத்துக்கொள்ளுங்கள்; விதை தேடி மக்கள் வரும் வைகாசி, ஆனியில் கைவைக்க வேண்டாம். டொமைன் ஏற்கெனவே பழைய சர்வரோடு இணைந்திருந்தால், ஒரு நாள் முன்னதாக டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவில், அதை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் எனக் குறிக்கும் டிடிஎல் மதிப்பை 300 விநாடியாகக் குறைத்துவிட்டால், மாற்றம் விரைவில் எல்லோருக்கும் போய்ச் சேரும். தமிழ்த் தளங்களுக்கென்று இரண்டு இடர்கள் உண்டு. பழைய தரவுத்தளம் லத்தீன் குறியாக்கத்தில் அமைந்திருந்தால், புதிய சர்வரில் இறக்கியதும் தமிழ் முழுவதும் மேற்குறியிட்ட லத்தீன் எழுத்துகளாகவோ கேள்விக்குறிகளாகவோ தெரியும். லத்தீன் எழுத்துகளாகத் தெரிந்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். கேள்விக்குறியாகிவிட்ட பிரதியிலிருந்து மீட்க முடியாது, மூலப் பிரதிக்கே போக வேண்டும். ஆகவே பழைய கணக்கை அழிக்கும் முன் பத்துக் கட்டுரைகளையாவது திறந்து பாருங்கள். அடுத்தது சுட்டிகள். வேர்ட்பிரஸ் கட்டுரைத் தலைப்பிலிருந்து உருவாக்கும் சுட்டிக்கு 200 எழுத்து இடமே உண்டு. தமிழின் ஒவ்வொரு குறியும், ஒற்றுப்புள்ளியும் கொம்பும் உட்பட, அதில் ஒன்பது இடம் பிடிக்கும் என்பதால் 22 குறிகளுக்கு மேல் வெட்டுப்பட்டுவிடும். ‘மாப்பிள்ளைச் சம்பா சாகுபடி முறைகள்’ என்ற தலைப்பு பாதியில் நின்றிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அசிங்கமாக இருக்கிறதே என்று மாற்றும் வேளையில் அவற்றைத் திருத்தாதீர்கள். வெளியே பரவிய சுட்டிகள் அனைத்தும் உடைந்துபோகும். இனி எழுதுபவற்றுக்கு மட்டும் குறுகிய சுட்டி கொடுங்கள்.

பழைய துணை முகவரியிலிருந்து புதிய டொமைனுக்கு 301 என்ற நிரந்தரத் திருப்பலை வைக்க முடியுமா என்று உங்கள் நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் தேடிப் பாருங்கள். முடிந்தால், ஒவ்வொரு கட்டுரையும் அதே கட்டுரைக்கே போகும்படி அமையுங்கள், எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிட வேண்டாம். அத்தகைய திருப்பலைக் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்பது கூகிளின் அறிவுரை. வருகை குறைந்த இலவசக் கணக்குகளைச் சில மாதங்களில் நீக்கிவிடும் நிறுவனங்கள் இருப்பதால், அந்த ஓராண்டுக்கு மாதம் ஒருமுறை பழைய கணக்கில் உள்நுழைந்து வெளியேறுங்கள். உங்கள் சேவையில் 301 இயலாது என்றால் பிழைச் செய்தியின் எண்ணோடு அதையும் இங்கே எழுதுங்கள். பழைய பக்கங்களின் தலைப்பகுதியில் வைக்கக்கூடிய மாற்று வழியைச் சொல்கிறேன்.